கடைசி ஆளின் சீட்டி

“நான் லீவு போட்டா என் வேலையைப் பாக்குறதுக்கு மலையில ஒரு பறவையைப் பழக்கி வெச்சிருக்கேன்” என்று கயிற்றறைக்காரர் சொன்னபோது, மன்ற அறையில் இருந்த ஒன்பது பேரில் எட்டுப் பேர் சிரித்தார்கள். ஒன்பதாவது ஆள் பேனா மூடியைத் திறந்தாள்.

அவள்தான் பல்கலைக்கழக மலையேற்ற மன்றத்தின் செயலாளர். தாவரவியல் முதுகலை. மழை பெய்கிறது என்று யாராவது சொன்னால், ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவாள். அதனால் ‘ஆதாரம்’ என்றே அவளுக்குப் பெயர் நிலைத்துவிட்டது.

“எந்தப் பறவை ஐயா?”

“கறுப்பு. நீள வாலு. என் சைக்கிள் அளவு இருக்கும்.”

“ஐயா.”

“சரி, சைக்கிள் பெல் அளவு.”

கயிற்றறைக்காரர் முப்பத்தொரு வருஷம் மன்றத்துக் கயிறுகளைக் காயவைத்து, சுருட்டி, அடுக்கியவர். பல்கலைக்கழகம் அவருக்கு ஓய்வு கொடுத்து ஆறு வருஷமாகிறது. மலை இன்னும் கொடுக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் மன்றத்தார் மலைக்குப் போகும்போது அவர்தான் கடைசி ஆள்.

கடைசி ஆள் என்பது அந்த மன்றத்தில் ஒரு பதவி. கூட்டத்துக்கு வெகுதூரம் பின்னால் தனியாக வர வேண்டும். முன்னால் போகிறவர்கள் விட்டுச்சென்ற காகிதம், பாட்டில், பழத்தோல் எல்லாவற்றையும் பொறுக்க வேண்டும். கயிறு கட்டிய மரங்களில் பட்டை அறுபடாமல் இருக்கச் சுற்றிய சாக்குகளை அவிழ்க்க வேண்டும். பிடி வழுக்காமலிருக்கக் கையில் பூசிய சுண்ணாம்புத்தூள் பாறையில் விட்ட தடங்களைத் தூரிகையால் தேய்த்து அழிக்க வேண்டும். இப்படி அவர் மலையிலிருந்து இறக்கியதை வைத்து ஒரு கல்யாணமே நடத்தலாம், மாப்பிள்ளை மட்டும்தான் கிடைக்கவில்லை என்பார்.

கால்மணிக்கு ஒருமுறை கடைசி ஆள் சீட்டியடிக்க வேண்டும். மூன்று குட்டை, ஒரு நெட்டை. ‘நலம், வருகிறேன்’ என்று அர்த்தம். முன்னாலிருந்து இரண்டு குட்டையில் பதில் வரும். தலைவர் நேரத்தைப் பதிவேட்டில் குறிப்பார். சீட்டி வராவிட்டால் ஓரடி எடுத்துவைக்கக் கூடாது. கயிற்றறைக்காரர் இரண்டு விரலை வாயில் வைத்து அடிப்பார். முன்பல் போய்ச் செட் கட்டிய நாளிலிருந்து, அவருடைய நெட்டைச் சீட்டி கடைசியில் ‘ஸ்ஸ்ஸ்’ என்று காற்றுப்போன டயர் மாதிரி முடியும்.

கொஞ்ச நாளாக முன்னாலிருந்து பதில் வருவதில்லை. பிள்ளைகள் நேரத்தைக் குறித்துக்கொண்டு பேச்சில் மூழ்கிவிடுவார்கள். அவருக்கும் அது பழகியதுதான். நகலெடுக்கும் கடைக்கு மேலே அவர் குடியிருக்கும் ஒற்றை அறையிலும் இதே கதைதான். மனைவி போய் நாலு வருஷம். கரண்டி கீழே விழுந்தால் “யாரது” என்று கேட்பார். பதில் சொல்லவும் அவர்தான் இருந்தார். மகள் ஞாயிறுதோறும் போன் பண்ணுவாள், சிக்னல் இல்லாத மலையில் அவர் இருக்கிற நேரமாகப் பார்த்து.

அப்படியொரு ஞாயிறு, ஓடைப் பள்ளத்துத் திருப்பத்தில் அவர் சீட்டியடித்தபோது தலைக்கு மேலிருந்து பதில் வந்தது. மூன்று குட்டை, ஒரு நெட்டை. அவர் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு வாரமும் அங்கே பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் ஏறினார். இவர் ஒன்று அடிப்பார், அது ஒன்று அடிக்கும். ஊர்க்கதை, வீட்டுக்கதை எல்லாம் ஆயிற்று என்றார்.

“ஐயா, கோவிச்சுக்காதீங்க” என்றாள் ஆதாரம். “வயசு அறுபத்தாறு. தனியா நடக்குறப்போ குரல் கேக்குதுன்னு சொல்றீங்க. உங்களைப் பின்னால விட்டுட்டு நாங்க முன்னால போறது பொறுப்பில்ல. இனிமே கயிற்றறையை மட்டும் பாத்துக்கோங்களேன்.”

கயிற்றறைக்காரர் பல்செட்டை நாக்கால் ஒருமுறை சரிசெய்துகொண்டார்.

“பறவை இருக்குன்னு நிரூபிச்சா?”

“நிரூபிச்சா கடைசி ஆள் நீங்கதான். இல்லேன்னா விட்டுக்குடுத்துடணும். இந்த ஞாயிறு நான் கடைசியில வரேன். நீங்க முன்னால போங்க.”

ஞாயிறு காலை அவர் கையில் பதிவேடு இருந்தது. சுற்றிலும் எட்டுப் பேர் சளசளத்தார்கள். யாரைப் பார்த்தாலும் சிரித்தார்கள். தெரியாத வீட்டு விருந்தில் முன்வரிசையில் உட்காரவைத்த மாதிரி இருந்தது அவருக்கு. எட்டரைக்குக் கீழேயிருந்து அவளுடைய சீட்டி வந்தது, தேர்வறை மணி மாதிரி சுத்தமாக. எட்டே முக்காலுக்கும் அப்படியே. இரண்டுக்கும் அவரே பதில் அடித்தார்.

ஒன்பதுக்கு மூன்று குட்டை, ஒரு நெட்டை. பக்கத்திலிருந்த நெட்டையன் பழக்கதோஷத்தில் இரண்டு குட்டையை அடித்துவிட்டு, “நலமாம், போலாம்” என்று நடையைக் கட்டினான்.

கயிற்றறைக்காரரின் பேனா தாளைத் தொடவில்லை.

“நில்லுப்பா. அது அவ இல்ல.”

“வேற யாரு?”

“அது நான்.”

எட்டுப் பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சந்தேகமே இல்லை, செயலாளர் சொன்னது சரிதான் என்ற பார்வை. அவர் இரண்டு விரலை வாயில் வைத்து அடித்துக் காட்டினார். கடைசியில் ஸ்ஸ்ஸ். கீழே பள்ளத்திலிருந்து அதே சீட்டி திரும்பி வந்தது. கடைசியில் ஸ்ஸ்ஸ்.

“அவளுக்குப் பல்லு முப்பத்திரண்டும் இருக்குடா. அந்தக் காத்து எங்கேயிருந்து வருது?”

நெட்டையன் முகம் வெளுத்தது. அப்படியானால் ஒன்பது மணிக்கு அவள் சீட்டியே அடிக்கவில்லை. கயிற்றறைக்காரர் இறங்கிய வேகத்தில் அவருடைய நிழல் பத்து நிமிஷம் கழித்துத்தான் வந்து சேர்ந்ததாம்.

ஓடைப் பள்ளத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். வலது கால் கணுக்கால்வரை இரண்டு கற்களுக்கு நடுவே. விழுந்ததில் உதடு கிழிந்திருந்தது. அந்த வாயால் சீட்டியடிக்க முடியாது. கத்தியதை ஓடை இரைச்சல் விழுங்கிவிட்டது.

நெட்டையன் நெம்புவதற்காக ஒரு இளமரத்தை ஒடிக்கப் போனான்.

“அதைத் தொட்டே, மன்றத்துல இருந்து எடுத்துடுவேன்” என்றாள், ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே.

கடைசியில் நாலு தோள்களைக் கொடுத்துத்தான் கல்லை நகர்த்தினார்கள். கால் வீங்கியிருந்தது, உடையவில்லை. தண்ணீர் குடித்து முடித்ததும் அவள் கயிற்றறைக்காரரைப் பார்த்தாள்.

“என் தலைக்கு மேலேயே உக்காந்து, நலம் நலம்னு என் பேர்ல சொல்லிட்டிருந்துச்சு ஐயா. நீங்களும் மேலேயிருந்து சரின்னு பதில் குடுத்தீங்க. அவ்வளவுதான், யாரும் வரமாட்டாங்கன்னு நெனச்சேன்.” அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. “வாராவாரம் நீங்க இங்கே இப்படித்தான் வரீங்களா, தனியா?”

மரத்திலிருந்து அவள் அவிழ்த்து வந்திருந்த சாக்கை அவர் எடுத்து மடித்தார்.

அவள் அண்ணாந்து பார்த்தாள். கிளைக்கவட்டில் கிண்ணம் அளவில் ஒரு கூடு. அதன் விளிம்புக்கு மேலே நீள வால்.

“பதிவேட்டைக் குடுங்க. கூடு இருக்கிற பள்ளத்துல நாம காலே வெக்கக் கூடாது. இந்த வழியை மூடணும். அதோட, பறவை அடிக்கிற சீட்டியை நம்பி ஆளை விட முடியாது. இனிமே சீட்டி கிடையாது, வாக்கிடாக்கிதான். கடைசியில ரெண்டு பேர். நீங்களும் இன்னொருத்தரும்.”

கயிற்றறைக்காரர் பதிவேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அறுபத்தாறு வருஷத்தில் முதல்முறையாக, நடந்ததைவிடக் குறைத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

“பறவையா? எந்தப் பறவை? நான் சும்மா கதை விட்டேன் செயலாளரம்மா. எதிரொலியா இருக்கும். வயசாயிடுச்சில்ல, குரல் கேக்குது. வழியை மட்டும் மூடாதே. நான் கயிற்றறைக்கே போயிடறேன், எப்பவாவது ஒருநா வந்துட்டுப் போறேன்.”

மேலே இலைகள் அசைந்தன. சீட்டி எதுவும் வரவில்லை.

அவள் கையை நீட்டியபடியே இருந்தாள். கடைசியில் அவர் பதிவேட்டைக் கொடுத்தார். முழங்காலில் வைத்து, ஒன்பது மணிக்கு நேரே இருந்த காலிக் கட்டத்தில் ‘பறவையின் சீட்டி’ என்று அவள் நிதானமாக எழுதினாள். எழுதியதை அவரிடம் திருப்பிக் காட்டினாள். அவர் கண்ணாடியைத் தேடுவதுபோல வேறு பக்கம் திரும்பிக்கொண்டதால், வாய்விட்டே சொன்னாள்:

“நடந்துச்சு ஐயா. நானே கேட்டேன்.”