ஓடக்கூடாத எழுத்து

எனக்குக் கோபம் வந்தால் ஆள் தெரியாது, அப்பச்சட்டி தெரியாது என்று ஊரில் சொல்வார்கள். சொல்லட்டும். பிரதேச சபைப் பரிசோதகர் சஜீவன் என் மின்பலகையில் கைவைக்க வந்த அன்று கோபம் வராதிருந்தால் நான் றோசம்மாவே இல்லை.

என் அப்பக்கடை கொக்கிளாய்க்குப் போகிற வீதியில் இல்லை. அதிலிருந்து பிரிகிற ஒழுங்கைக்குள், கடற்கரைப் பக்கமாக இருக்கிறது. ஒழுங்கை வாசலில் பெரிய இரும்புச் சாமான் கடையொன்று எழும்பிய பிறகு, உள்ளே நான் ஒருத்தி அப்பம் சுடுகிறேன் என்பதே வீதியில் போகிற சனத்துக்குத் தெரியாமல் போயிற்று. மாவைக் கரைத்து வைத்துவிட்டு ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். கடையைப் பூட்டிவிட்டு வவுனியாவில் இருக்கிற மகளோடு போய் இருந்துவிடுவோமா என்றுகூட யோசித்தேன்.

அப்போதுதான் மகள் நிரோசினி ஒரு மின்பலகை வாங்கித் தந்தாள். ஒழுங்கை வாசலில் கம்பம் நட்டுக் கட்டினோம். கைபேசியில் நான் தட்டுவது அதில் சிவப்பெழுத்தாக ஓடும். "றோசம்மா அப்பக்கடை… பாலப்பம்… முட்டையப்பம்… இன்றைய கறி…" என்று இழுத்து இழுத்துப் போய், கடைசியில் "கணவாய்" என்றோ "இறால்" என்றோ முடியும். வள்ளம் எதைக் கொண்டுவருகிறதோ அதுதான் கறி. ஆகவே அந்தக் கடைசிச் சொல் வரும்வரை சனம் மோட்டார் சைக்கிளை மெதுவாக்கி அண்ணாந்து பார்த்துக்கொண்டே போகும். கடைக்கு உயிர் திரும்பியது.

வினையும் அதில்தான் வந்தது. ஒருநாள் சஜீவனே என்ன கறி என்று பார்த்தபடி போய் வாய்க்காலுக்குள் விழுந்துவிட்டார். நானும் இன்னும் இரண்டு பேரும் தூக்கியெடுத்து, சேறு கழுவிவிட்டு, அப்பமும் கணவாய்க் கறியும் கொடுத்தோம். நல்ல ருசி என்று சொல்லித்தான் சாப்பிட்டார். பிறகு பார்த்தால் சபையில் தீர்மானம்! வீதியைப் பார்த்தபடி இருக்கிற மின்பலகைகளில் எழுத்து ஓடக்கூடாதாம், மின்னக்கூடாதாம், அசையாமல் நிற்கவேண்டுமாம். அதைச் சொல்லச் சஜீவனே கடைக்கு வந்தார்.

"கண்டறியாத சட்டம்! நீங்கள் விழுந்ததுக்கு என்ரை எழுத்தைக் கட்டிப் போடுறியளோ?"

"எல்லாக் கடைக்கும்தான் அன்ரி. நாளைக்கு ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை அடிபட்டால் என்ன செய்யிறது?"

அவர் சொன்னது நியாயம். நியாயமாக இருந்ததால் எனக்கு இன்னும் எரிச்சல் ஏறியது.

"நிண்டால் என்ரை பலகையில ஒரு சொல்லுத்தான் கொள்ளும், தம்பி. பேரைப் போடுறதோ, கறியைப் போடுறதோ?"

"அது உங்கட விருப்பம். ஓடாமல் நிண்டால் சரி."

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். எனக்கு உச்சி கொதித்தது. கறியாவது மண்ணாவது! றோசம்மாவின் பெயரைப் பார்த்துச் சனம் வருகிறதா இல்லையா என்று பார்ப்போம் என்று, "றோசம்மா" என்று மட்டும் தட்டி, ஓட்டத்தை நிறுத்தினேன். இனி ஒருத்தரின் கதையும் கேட்கமாட்டேன் என்று கைபேசியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத் தேங்காய் துருவப் போனேன்.

கோபத்தில் ஒன்றை மறந்துவிட்டேன். சந்தியில் கடற்றொழிலாளர் சங்கத்துக்கும் ஒரு மின்பலகை இருக்கிறது. மற்ற நாளில் அதில் மீன் விலையும் காற்று எச்சரிக்கையும் ஓடும். ஊரில் ஒருவர் செத்தால் மட்டும் ஓட்டத்தை நிறுத்தி, செத்தவரின் பெயரைத் தனியாக அசையாமல் நிறுத்திவிடுவார்கள். அதைக் கண்டால், அடக்கம் முடியும்வரை எங்கள் ஊரில் ஒரு வள்ளமும் கடலுக்கு இறங்காது.

பின்னேரம் அடுப்பை மூட்டிவிட்டுக் காத்திருந்தேன். ஒரு குருவியும் வரவில்லை. சரி, முடிந்தது, பெட்டியைக் கட்டவேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு குசினிக்குள் போனேன். அந்த நேரம் பார்த்து ஒழுங்கை முழுக்கக் காலடிச் சத்தம். ஒருத்தரும் கதைக்கவில்லை. திடீரென்று ஒப்பாரி கேட்டது.

"ஐயோ என்ரை அக்கா! நேற்றும் என்னை வாய் நிறையப் பேசினாவே!"

பக்கத்து வீட்டு யூலியானாவின் குரல். அகப்பையோடு குசினியால் வெளியே ஓடினேன். முன்னுக்கு யூலியானா, பின்னால் வெள்ளைத் துணியோடு சங்கத் தலைவர் ஸ்ரனிஸ்லஸ், அவருக்குப் பின்னால் பாதி ஊர். நடுவில் மலர்வளையத்தோடு சஜீவன்.

"ஆர் செத்தது?" என்றேன்.

யூலியானா வீரிட்டபடி நிலத்தில் இருந்துவிட்டாள். ஸ்ரனிஸ்லஸ் சிலுவை அடையாளம் போட்டார்.

"நீங்கள்தான், அக்கா."

"நானோ? எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே!"

சஜீவன் பேயறைந்தவர்போல நின்றார். "பலகையில உங்கட பேர் தனிய நிண்டது, அன்ரி. ஃபோனும் எடுக்கேல்லை. நான் வந்து கதைச்சதாலதான் நெஞ்சுவலி வந்து…" என்று விம்மினார்.

"உம்மட கதைக்கு நான் சாகிறதோ? அதுக்கு இன்னும் பெரிய அதிகாரி வரவேணும்!"

முதலில் யூலியானாதான் சிரித்தாள். பிறகு ஒழுங்கையே சிரித்தது. சிரிப்பு அடங்கிய பிறகு ஸ்ரனிஸ்லஸ் மெல்லச் சொன்னார்.

"வள்ளம் ஒண்டும் இறங்கேல்லை, அக்கா. எல்லாம் கரையிலதான் நிக்குது."

திரும்பிப் பார்த்தேன். குசினிக்குப் பின்னால் கடல் பாய் விரித்தாற்போலக் கிடந்தது. அப்படியொரு நல்ல கடலை விட்டுவிட்டு எல்லா வள்ளங்களும் மணலில் நின்றன. எனக்காக. வாயைத் திறந்தால் ஏச்சுத்தான் என்று பெயரெடுத்த எனக்காக. பலகை ஓடாவிட்டால் இந்த ஒழுங்கைக்குள் ஒருத்தரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேனே! ஏன் ஒளிக்கவேண்டும், அகப்பையைப் பிடித்தபடி நின்று அழுதேன்.

"வந்தது வந்திட்டியள். ஒருத்தரும் பசியோட போகக்கூடாது," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டியை வைத்தேன். மீன் இல்லை, சம்பல்தான். மா வழித்துத் துடைக்கும்வரை சுட்டேன். மலர்வளையத்தை வீணாக்காமல் மாதா சுரூபத்தடியில் வைத்தோம்.

அடுத்த நாள் வள்ளங்கள் கரைக்கு வந்ததும் பலகையில் ஒரேயொரு சொல்லை நிறுத்தினேன்: "கணவாய்". ஒருவரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. ஒரு பார்வை பார்த்துவிட்டு மோட்டார் சைக்கிளை ஒழுங்கைக்குள் திருப்பினார்கள்.

சஜீவனும் வந்தார், பரிசோதிக்கவாம்.

"சட்டத்துக்குச் சரி, அன்ரி. ஆனா உங்கட பேரைக் காணேல்லையே?"

"அதை நான் மெய்யாச் செத்தண்டைக்கு நீங்களே போடுங்கோ, தம்பி. அதுவரைக்கும் கணவாய்," என்று சொல்லி அவருக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டேன்.