சூரியனுக்கு மட்டும் ஒரு திருத்தம்

1

இந்தக் கதை இரண்டு வரித் திருத்தமாக வந்திருக்க வேண்டியது. பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், ‘தவறுக்கு வருந்துகிறோம்’ என்று முடிந்திருக்கும். நான் பயணக் கட்டுரை எழுதும் வார இதழின் ஆசிரியர் அதற்கு இடம் தரவில்லை. “இது திருத்தம் இல்ல சார், சென்டிமென்ட். வேணும்னா கதையா எழுதிக் குடுங்க, சிறப்பிதழ்ல போட்டுடலாம்” என்றார். இரண்டு வரிக்கு இல்லாத இடம் மூன்று பக்கத்துக்கு இருக்கிறது. அதனால் எழுதுகிறேன். எரிச்சலோடுதான் எழுதுகிறேன். யார் மேல் எரிச்சல் என்பது போகப்போகத் தெரியும்.

2

தொடக்கம், முதல் முயற்சி: ‘ஒரு காலத்தில் கப்பல்கள் வந்து நின்ற அந்தச் சின்னஞ்சிறு பட்டினத்தில் இன்று காற்று மட்டுமே...’

வேண்டாம். அந்த ஊரைப் பற்றி இதழில் நான் எழுதிய கட்டுரையும் இப்படித்தான் தொடங்கியது.

இரண்டாம் முயற்சி: ‘புதுக்கோட்டையில் காலை பஸ் பிடித்தால் அறந்தாங்கி வழியாக மணமேல்குடி. அங்கே மினி பஸ் மாறினால்...’

இதுவும் வேண்டாம். வழி சொன்னால் நீங்கள் கேமராவோடு கிளம்பிவிடுவீர்கள். ஊர்ப் பெயரையும் சொல்லமாட்டேன். அங்கே இருப்பது கூரை விழுந்த ஒரு பழைய கஸ்டம்ஸ் பங்களா, பாசி பிடித்த படித்துறை, துருவேறிய இரண்டு பீரங்கிகள். ஒன்றில் ஆடு கட்டியிருந்தது. நான் அந்த ஆட்டை மட்டும் விட்டுவிட்டு, மற்ற எல்லாவற்றையும் ‘வரலாற்றின் மௌன சாட்சிகள்’ என்று எழுதினேன். ஊரில் நான் இருந்தது மொத்தம் மூன்று மணி நேரம்.

3

பங்களாவின் சிமெண்ட் தரையில் ஒரு பெண் கணவாய் மீன் காயவைத்துக்கொண்டிருந்தார். பெயர் செவந்தி. முப்பது வயதிருக்கும். தலையில் கனகாம்பரம், கழுத்தில் மஞ்சள் கயிறு.

“சார், அங்கிட்டு மிதிக்காதீங்க. இங்கிட்டு சுத்தி வாங்க.”

சுற்றிப் போய், கேட்கத் தெரிந்த கேள்வியைக் கேட்டேன். வீட்டுக்காரர் கடலுக்குப் போயிருக்கிறாரா?

“போயிருக்காக. போன வருசம் ஆடியில போனாக. பதினாலு மாசமாச்சு, இன்னும் கரைக்கு வரல.”

நான் நோட்டை எடுத்தேன். அவர் கணவாயைத் திருப்பிப் போட்டபடியே சொன்னார்.

“படகு கெடச்சுச்சு, கவுந்து. ஆளு கெடைக்கல. ஊரே தேடுச்சு. எங்க மூத்தாரு மாசக்கணக்குல தேடுனாரு. ஆளே கெடைக்காம நான் என்னன்னு சொல்றது? வரலன்னுதான் சொல்ல முடியும்.”

அவர் சொன்னதே சரியான சொல். வரல. அதை அப்படியே எழுதியிருந்தால் இந்தக் கதைக்கு வேலையில்லை.

4

எழுதிய விதத்தையும் சொல்லிவிடுகிறேன்.

‘காணாமல் போன ஆத்மநாதனின் மனைவி’ என்று முதலில் எழுதினேன். போலீஸ் ஸ்டேஷன் வாடை அடித்தது. அடித்துவிட்டேன்.

‘கரை திரும்பாத ஆத்மநாதனின் மனைவி’ என்று எழுதினேன். ரொம்பச் சாதாரணமாக இருந்தது. அதையும் அடித்தேன்.

முந்தைய வரியில் சூரியன் மறைந்துகொண்டிருந்தது. பிடித்துக்கொண்டேன்: ‘சூரியன் மறையும் இந்தக் கடலில் மறைந்த ஆத்மநாதனின் மனைவி செவந்தி, இன்னும் கடலைப் பார்த்தபடியே மீன் காயவைக்கிறார்.’ மறையும், மறைந்த. ஓசை பிரமாதம். சந்தோஷத்தில் எழுந்து போய் டீ போட்டுக் குடித்தேன்.

[மறைந்த என்றால் கண்ணுக்குத் தெரியாமல் போன என்ற பொருளில்தான் எழுதினேன் என்று ஆசிரியரிடம் வாதாடினேன். பொய். பொருளை நான் நினைக்கவே இல்லை. மறைந்த தலைவர், மறைந்த தொழிலதிபர் என்று ஊர்ச் சுவரெல்லாம் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களைத் தினமும் படித்துக்கொண்டே நடப்பவன் நான்.]

5

செவந்தியின் மூத்தார் வெள்ளைச்சாமி, ஆத்மநாதனின் அண்ணன், அந்த வரியை டீக்கடையில் படித்தார்.

அவரை வில்லனாக்கினால் கதை சுலபமாகிவிடும். இரண்டு வரைவுகளில் ஆக்கியும் பார்த்தேன். ஆனால் அவருக்குக் கல்யாணத்துக்கு நிற்கும் மகள் இருந்தாள், இலக்கியா. மாப்பிள்ளை வீட்டார், “சித்தப்பா இருக்காரா இல்லையா, ஒண்ணைச் சொல்லுங்க. காரியம் முடியாத வீட்டுல எப்புடி பரிசம் போடுறது?” என்று இரண்டு முறை திரும்பிப் போயிருந்தார்கள். காரியம் செய்யச் செவந்தி சம்மதிக்கவில்லை. தம்பி செத்துவிட்டான் என்று தன் வாயால் சொல்ல வெள்ளைச்சாமிக்கும் மனம் வரவில்லை. அவருக்காக நான் சொல்லிவிட்டேன்.

“அச்சுலயே வந்திருச்சு ஆத்தா. இனி என்ன பேச்சு?” என்றாராம். அழுதுகொண்டேதான் சொன்னாராம்.

வைக்கோலில் ஓர் உருவம் செய்து, ஆத்மநாதனின் நீலச் சட்டையை மாட்டி, கடற்கரையில் எரித்தார்கள். நான் மௌன சாட்சி என்று எழுதிய அதே படித்துறையில் உட்காரவைத்து, செவந்தியின் தாலியைக் கழற்றினார்கள்.

6

இதற்கிடையில் இதழுக்கு ஒரு வாசகர் கடிதம் வந்தது. விராலிமலையிலிருந்து, ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் ஒருவர். புதுக்கோட்டை மாவட்டத்துக்குக் கடல் கிழக்கே இருக்கிறது, அங்கே சூரியன் கடலில் உதிக்குமே தவிர மறையாது என்று எழுதியிருந்தார். ஆசிரியர் பதறிப்போனார். அடுத்த இதழிலேயே வந்தது: ‘அக்கடலில் சூரியன் மறைவதாகக் குறிப்பிட்டது பிழை. தவறுக்கு வருந்துகிறோம்.’

அதற்கு அடுத்த வாரம் செவந்தி புதுக்கோட்டைக்கு வந்தார். விசாரித்து விசாரித்து என் வீட்டைக் கண்டுபிடித்திருந்தார். மஞ்சள் பையில் இரண்டு இதழ்களும் இருந்தன. கழுத்தில் மறுபடியும் மஞ்சள் கயிறு.

“நானே கட்டிக்கிட்டேன் சார். பைத்தியம்னு சொல்றாக. பரவால்ல. இலக்கியா கல்யாணத்துக்கு என்னைய வர வேணாம்னுட்டாக. அதுவும் பரவால்ல.”

இரண்டு இதழ்களையும் மேசையில் விரித்து, விரலை வைத்துக் காட்டினார்.

“சூரியனுக்குத் திருத்தம் போட்டீங்கள்ல? அது நாளைக்கும் வரும். அதுக்கு எதுக்கு சார் திருத்தம்?”

காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதைத்தான் கேட்டேன்.

“நாளைக்கு அவுக வந்தா, ‘என்னைய எரிக்கிறப்ப நீ சும்மாவா இருந்த’ன்னு கேப்பாக. அப்ப காட்டுறதுக்கு எனக்கு ஒரு பேப்பர் வேணும். நீங்க எழுதுனதை நீங்களே அழிச்சுக் குடுங்க.”

7

ஆக, முடிவுகள்.

(அ) ஆத்மநாதன் மணமேல்குடியில் பஸ்ஸை விட்டு இறங்குகிறார். இத்தனை நாளும் அக்கரைச் சிறையில், வேறு யாரோ ஒருவரின் பெயரில்... ஆசிரியருக்கு இது பிடிக்கும். எழுதத் தொடங்கினேன். அவருக்கு என்ன சட்டை போடுவது என்று தெரியவில்லை. நீலச் சட்டையைத்தான் எரித்துவிட்டார்களே.

(ஆ) கோடியக்கரைப் பக்கம் உடல் ஒதுங்குகிறது. அரைஞாண் கயிற்றை வைத்து அடையாளம் காண்கிறார்கள். இந்த முடிவை முழுதாக எழுதினேன். எழுதும்போது, அப்படியானால் என் சொல் சரிதானே என்று ஒரு நிம்மதி வந்தது. ஒரு சொல் பிழையில்லாமல் போவதற்காக ஒரு மனிதன் செத்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். அந்தத் தாள்களைக் கிழித்துப் போட்டேன். நினைத்ததைக் கிழிக்க முடியவில்லை.

(இ) போனில் செவந்திக்கு இதுவரை எழுதியதைப் படித்துக் காட்டினேன். படித்து முடித்ததும் நானே கேட்டேன்.

“பேரை மாத்திடட்டுமா?”

“மாத்துனா திருத்தம் யாருக்கு?”

“சரி. அந்த வரியில ‘மறைந்த’ங்கிறதை எடுத்துட்டு என்ன போடட்டும்? காணாமல் போனன்னு போடவா? இல்ல, கரை திரும்பாதன்னு...”

“ஒண்ணும் போடாதீங்க சார். அவுக பேருக்கு முன்னாடி எடத்தை விட்டுருங்க. வந்தாகன்னா அவுகளே வந்து சொல்லட்டும்.”

8

திருத்தம்:

‘இந்தக் கடலில்              ஆத்மநாதனின் மனைவி செவந்தி, மீன் காயவைக்கிறார்.’

இதை வாசித்துக்கொண்டு போகும்போது அந்த இடத்தில் உங்களுக்கு ஒரு சொல் தோன்றியிருக்கும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.