இடது செருப்பின் குடித்தனம்

சென்னியப்பன் பன்னிரண்டு வருஷம் கழித்துக் கியோட்டோவுக்குத் திரும்பி வந்தபோது, அவருடைய இடது செருப்பு அங்கே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.

தப்பு அவருடையதுதான். கோயிலுக்குப் போனால் ஒரு செருப்பை இங்கேயும் இன்னொன்றை எட்டத்திலும் கழற்றிவிடுகிற ஆள் அவர். ஒற்றைச் செருப்பை எந்தத் திருடன் தொடுவான்? ஈரோட்டில் அது சரி. கியோட்டோவில் செருப்புத் திருட ஆளே கிடையாது. அங்கேயும் போய் அதே புத்தி! தங்கியிருந்த விடுதி வாசலில் இடதை விட்டார், தெருக்கோடியில் வலதை விட்டார். ஊருக்குக் கிளம்பிய அவசரத்தில் வலதை மட்டும் மாட்டிக்கொண்டு விமானம் ஏறிவிட்டார்.

அதற்கப்புறம் மனுஷன் உருகாத நாள் இல்லை. விடுதியின் மாடி அறை, ஜன்னலுக்குக் கீழே ஆறு. ஒரே ஒரு தடவை அங்கே படுத்து அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுவிட்டால் போதும் என்று ஏங்கிப்போனார். அதற்காகத்தான் இப்போது வந்தது.

ரயில் நிலைய வாசலில் டிக்கெட் பரிசோதகர் மறித்தார்.

"நீங்க வர முடியாதுங்களே."

"ஏனுங்க?"

"நீங்க இன்னும் போகவே இல்லீங்களே. போனாத்தானுங்க வர்றதுக்கு?"

கியோட்டோவில் எல்லோரும் ஈரோட்டுத் தமிழ்தான் பேசினார்கள். செருப்பு சொல்லிக்கொடுத்திருந்தது.

"பாதி போனனுங்க" என்றார் சென்னியப்பன்.

"அப்பப் பாதி வாங்க."

நியாயம்தானே. சென்னியப்பன் இடது காலை மடக்கிக்கொண்டு வலது காலில் நொண்டியடித்தபடி ஊருக்குள் போனார். விடுதித் தெரு அவர் போகப்போக நீண்டுகொண்டே இருந்தது. தொப்பை வைத்த ஆள் நொண்டியடிப்பதை இன்னும் கொஞ்சம் பார்க்க அதற்கு ஆசை. எதிரே வந்தவர்கள் எல்லாம் குனிந்து, மடக்கிய காலைப் பார்த்து, "சௌக்கியமுங்களா?" என்று கேட்டார்கள். வலது காலை ஒருத்தரும் சீந்தவில்லை.

விடுதிக்கார ஹிசாயோ அம்மாள் வாசலிலேயே கையைக் காட்டினார்.

"மெதுவாங்க. அவரு மாடியில மத்தியானத் தூக்கம் தூங்கறாரு."

"அது என்ற செருப்புங்க!"

"இருக்கட்டுங்க. இத்தன வருசம் பனிக்கும் மழைக்கும் அவருதானுங்க எங்ககூட இருந்தாரு. நீங்க எங்க இருந்தீங்க?"

"ஈரோட்டுல. நெனச்சுக்கிட்டே இருந்தனுங்க."

"நெனைக்கறவங்களுக்கு ரூம் கெடையாதுங்க."

சென்னியப்பன் ஒற்றைக் காலில் நின்றபடியே அழுதார். ஹிசாயோ அம்மாளுக்கு மனசு கேட்கவில்லை.

"சரி, அழுகாதீங்க. அவருக்கு வலது பக்கம் எடம் சும்மாதானுங்க கெடக்குது. அதுல படுத்துக்குங்க."

மாடி அறையில் பாயின்மேல் செருப்பு ஜன்னலைப் பார்த்துக் கிடந்தது. கொஞ்சம் சதை போட்டிருந்தது. சென்னியப்பன் அதற்கு வலது பக்கத்தில், அதைப் போலவே ஜன்னலைப் பார்த்துப் படுத்தார். செருப்பு தூக்கத்திலேயே இம்மியளவு நகர்ந்து இடம் விட்டது. கீழே ஆறு ஓடுகிற சத்தம் கேட்டது. அப்பாடா! வந்து சேர்ந்தாயிற்று. இனி எவன் கூப்பிட்டாலும் எழுந்திருப்பதில்லை என்று கண்ணை மூடினார்.

ஹிசாயோ அம்மாள் ஓசைப்படாமல் வந்து மண்டியிட்டார். சென்னியப்பனை இரண்டு கையாலும் பிடித்து, அலுங்காமல், கதவைப் பார்க்கத் திருப்பி வைத்தார். விருந்தாளியின் செருப்பைக் கிளம்பும்போது மாட்டிக்கொள்ள வாகாக வாசல் பார்த்துத் திருப்பி வைப்பது அந்த ஊர் மரியாதை.

சென்னியப்பன் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். இடது செருப்பு ஜன்னலைப் பார்த்தபடியே கிடந்தது.

"அவரைத் திருப்பலீங்களா?"

"அவரு எங்கீங்க போறாரு?" என்றார் ஹிசாயோ அம்மாள், ரொம்ப அன்பாக.