பூச்சிமருந்து என்று சொன்னேன்

என் மகன் விஜயபாண்டி போடிமெட்டுப் பாதையில் ஜீப்பு ஓட்டுகிறவன். திங்கட்கிழமை வளைவில் வண்டியை நிறுத்தி, ஏலக்காய் மூட்டையைக் கிழித்து ரோடு பூராவும் கொட்டிவிட்டான். மூட்டைக்குள் ஒருவன் உட்கார்ந்து இவனைப் பற்றியே பேசுகிறானாம்.

போடியில் ஒரு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா பெயர் லில்லி. கையில் பேனா. பேனா பிடித்தவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. நான் மூணாங்கிளாஸ். படித்துப் பார்க்காமல் ஒரு தாளில் ‘மொக்கையன்’ என்று என் பேரைப் போட்டுக் கொடுத்துத்தான் ராசிங்காபுரத்துக் கிணற்றில் என் பங்கு போனது.

“மாத்திரை, போதை ஏதாவது உண்டா பெரியவரே?”

“எங்க வகையறாவுலயே கிடையாது. தோட்டத்துல பூச்சிமருந்து அடிச்சான். மூஞ்சில பட்டுருச்சு.”

ஏலத்தோட்டத்தில் பூச்சிமருந்து பட்டு மயங்குகிறவனை யாரும் கேவலமாகப் பார்ப்பதில்லை. அதனால்தான் அதைச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

பிறகு அவன் கண்ணில் லைட் அடித்தார். “கருமணி ஊசிமுனையாச் சுருங்கியிருக்கு. பூச்சிமருந்துக்கும் இப்படித்தான் இருக்கும்.”

எனக்குத் தெம்பு வந்தது. அவர் விடவில்லை. வாயைத் திறக்கச் சொன்னார், சட்டையை முகர்ந்தார். “எச்சி வடியல. வேர்வை இல்ல. வாடையும் இல்ல.”

“அப்ப நான் பொய் சொல்றேனா?”

“விஷமுறிவு ஊசி போடுறதுக்கு முன்னாடி கேக்குறேன். விஷம் இல்லாதவனுக்கு அதைப் போட்டா புத்தி இன்னும் கலங்கும். மாத்திரைன்னா வேற வைத்தியம். ரெண்டும் இல்லேன்னா மனநோய்னு நெனச்சு வருசக்கணக்குல மருந்து குடுப்பாங்க. எதை எழுதட்டும்?”

“பேனாவைக் கீழ வையி. சொல்றேன்.”

“எழுதாம விட்டா, நாளைக்கு வர்ற டாக்டர் உங்க பூச்சிமருந்தைத்தான் நம்புவார்.”

விஜயபாண்டி என் காதருகே குனிந்தான். “மெதுவாப் பேசுப்பா. மூட்டைக்காரன் கேக்குறான்.”

ஜீப்பு சீட்டுக்கு அடியில் கிடந்த வெறும் மாத்திரை அட்டையை மடியிலிருந்து எடுத்துப் போட்டேன்.

அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். “வலி மாத்திரை. அபின் ரகம். எத்தனை நாளா?”

“ஆறு மாசமா. ஒரு நாளைக்குப் பத்துக்கு மேல போகும்.”

“மொதல்ல குடுத்தது யாரு?”

என் முழங்காலுக்கு எழுதிக்கொடுத்த மாத்திரை அது. வண்டி குலுங்கி இடுப்பு போச்சு என்று முனகினான். இரண்டு கொடுத்தேன். மறுநாள் வெரசா எழுந்து சோலிக்குப் போனான். அப்புறம் அவனே எங்கேயோ வாங்கிக்கொண்டான்.

“நான்தேன்.”

எழுதியதைத் தமிழில் படிக்கச் சொன்னேன். படித்தார். “வலி மாத்திரையால வந்த புத்திக் கலக்கமா இருக்கலாம். நிறுத்தி ஒரு மாசம் பாக்கணும். அதுக்கு மேலயும் குரல் கேட்டா மறுபடி ஆராயணும். முதல் மாத்திரை கொடுத்தவர், தகப்பனார்.”

“கடைசி வரி வேணுமா?”

“அந்த மாத்திரை இன்னும் உங்க வீட்டுல இருக்குல்ல?”

இருந்தது. “மேல பூச்சிமருந்துன்னு எழுதுனியே, அதையாவது அழிச்சிரு.”

“அழிக்கக் கூடாது பெரியவரே. படிக்கிற மாதிரி ஒரு கோடு போடுவேன், அவ்வளவுதான்.”

கோட்டுக்கு அடியில் என் பொய் அப்படியே தெரிந்தது. தகவல் சொன்னவர் கையெழுத்து என்று இடம் காட்டினார். விஜயபாண்டி என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“போடாதப்பா. மூட்டைக்காரன் சிரிக்கிறான்.”

“சிரிக்கட்டும் அப்பு, கையை விடு” என்றேன். விடவில்லை. அவன் கையும் என் கையோடு ஆட, எழுத்து எழுத்தாக என் பேரைப் போட்டேன்.