வாத்து வாத்தியார்

"எத்தனை பேரப்பிள்ளைங்க சார்?" என்று கேட்டார் பொம்மைக் கடைக்காரர். கூடை நிறைய ரப்பர் வாத்து வாங்குகிறவரை வேறென்ன கேட்பது? "ஒரு பட்டாளமே இருக்கு" என்றார் என் வீட்டுக்காரர். பொய்யில்லை. அவர் ராணுவத்தில் மேஜர்.

ஓய்வு பெறப்போகிற வருஷத்தில் அவருக்கு இந்தப் புத்தி வந்தது. கண்ணிவெடியைப் பற்றிப் பாடம் எடுத்தால் வீரர்கள் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறார்களாம். அதனால் பயிற்சி மைதானத்து மண்ணுக்கடியில் வாத்துகளைப் புதைத்தார். மிதித்தால் 'கீ' என்று கத்தும். மிதித்தவன் செத்தவன், வாயைத் திறக்காமல் படுத்துவிட வேண்டும். மற்றவர்கள் அவனைத் தூக்க ஓடக்கூடாது, பக்கத்திலேயே இன்னொன்று இருக்கும். நின்ற இடத்தில் நின்று, வந்த காலடித் தடத்திலேயே திரும்ப வேண்டும்.

'வாத்து வாத்தியார்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். இவருக்கு ஏகப் பெருமை. எனக்கு எரிச்சல், மண் அப்பிய வாத்துகளைக் கழுவிக் காயவைப்பது யார்? ஆனாலும் கழுவினேன். அந்தப் பிரிவில் என் அண்ணன் மகன் இருந்தான். தாயில்லாப் பிள்ளை, என் கையால் சோறு தின்று வளர்ந்தவன். அவன் உயிரோடு திரும்புவதென்றால் யானையைக்கூடக் கழுவியிருப்பேன்.

முதலில் செத்தவனைத் தூக்க ஓடியே பாதிப்பேர் செத்தார்கள். போகப்போக, 'கீ' கேட்டதும் மரமாக நின்றார்கள். எல்லைக்குக் கிளம்பும்போது, "மாமா வாத்த வெச்சே எங்களப் பொழைக்க வெச்சிட்டாரு அத்தே" என்று சிரித்தான் அண்ணன் மகன். நானும் நம்பித் தொலைத்தேன்.

இவர் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த மழைக்காலத்தில் அவனுடைய உடல்தான் வந்தது. காரியமெல்லாம் முடிந்தபின், அந்தப் பிரிவின் ஹவில்தார் வீட்டுக்கு வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"முன்னாடி போனவன் மிதிச்சிட்டான் சார். நீங்க சொன்ன மாதிரியே நின்னோம். ஒருத்தனும் அசையல."

"அப்புறம்?"

"அவன் சாகல சார். கத்தினான். ஒவ்வொருத்தரையா பேர் சொல்லிக் கூப்பிட்டான். உங்க புள்ள காதப் பொத்திக்கிட்டுத்தான் நின்னான். தண்ணி தண்ணின்னு கேட்டதும் அவன்கிட்ட ஓடிட்டான்."

நான் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். "உங்க வாத்துதான் எம்புள்ளயக் கொன்னுச்சு" என்று வாய்விட்டே சொன்னேன். மறுநாள் காலையில் இவர் வாத்துக் கூடையைத் தூக்கிக்கொண்டு முகாமுக்குக் கிளம்பினார். தனியாக விட மனசு வராமல் நானும் போனேன்.

வாசலில் காவலுக்கு நின்றவன், "பாஸ் இருக்கா?" என்று கேட்டான். இவருடைய இடத்துக்கு வந்த புது அதிகாரி வெளியே வந்தார், மரியாதையாகத்தான் பேசினார்.

"இப்பல்லாம் கண்ணிவெடிப் பாடத்தப் படம் போட்டுக் காட்டிடறோம் சார்."

"செத்தவன் சும்மா படுத்திருக்கக் கூடாது தம்பி. கத்தணும். பேர் சொல்லிக் கூப்பிடணும். அதக் கேட்டுக்கிட்டே நிக்கப் பழக்கணும். அத மட்டும் சொல்லிட்டுப் போயிடறேன்."

"மேலிடத்துக்கு எழுதிப் போடுங்க சார்" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

மைதானத்தில் புதுப் பிரிவு வரிசையாக நின்றது. கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு இவர் கத்தினார்: "அவன் கத்துவான்டா! உங்களக் கூப்பிடுவான்! போகாதீங்கடா!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வேட்டியும் கலைந்த தலையுமாக ஒரு கிழவர், கையில் கூடை நிறைய வாத்து. வரிசையிலிருந்து ஒருவன் 'கீ' என்றான். மொத்த வரிசையும் சிரித்தது.