கல்லறையில் ஒரு வரி

சினத்தை அடக்குவது எப்படி என்று செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவர் சபீதியஸ். எங்கள் தெருவில் உரக்கக் கேட்கும் குரலும் அவருடையதே. உயிரோடிருக்கும்போதே கல்லறையை ஆயத்தம் செய்துவிடுவது ரோமானியர்களான எங்கள் வழக்கம். அவரும் ஆப்பியா சாலையோரம் இடம் வாங்கி, தமக்கும் மனைவி பெத்தீலியாவுக்குமாகக் கல் வெட்டச் சொல்லியிருந்தார். அதைப் பார்க்க மனைவியையும், அண்டை வீட்டான் என்ற முறையில் என்னையும் அழைத்துச் சென்றார்.

பெயர்களுக்குக் கீழே அழகாக வெட்டியிருந்தது: 'ஒரு சண்டையுமின்றி வாழ்ந்தார்கள்.'

பெத்தீலியா நிதானமாகப் படித்தார். "இது யாருக்குங்க?"

"நமக்குத்தான்."

"இந்தக் கல்லுக்குக் கீழ நான் படுக்க மாட்டேன். எங்கப்பா கல்லறையில இடம் இருக்கு, அங்க போயிக்கிறேன்."

கல்தச்சர் ஹிலாரஸ் உளியைத் துடைத்தபடி சொன்னார்: "எல்லாரும் கேக்கறது அந்த வரிதாம்மா. பேரு வர்றதுக்கு முன்னாடியே வெட்டி வெச்சிருவேன். போன மாசம்கூட ஒரு அம்மா வாங்கிட்டுப் போனாங்க. புருஷன் மண்டையை உடைச்ச அம்மா."

"கேட்டியா? ஊர் வழக்கம்" என்றார் சபீதியஸ்.

"ஊர் பொய் சொன்னா நீங்களும் சொல்லணுமா? இதைத்தான் பசங்களுக்குச் சொல்லித் தர்றீங்களா?"

"நான் என்னிக்குடீ கத்தியிருக்கேன்?" என்று அவர் கத்தினார். சாலையில் போய்க்கொண்டிருந்த கழுதை நின்றுவிட்டது.

இத்தகைய வழக்குகளுக்கு ரோமில் ஓரிடம் உண்டு. மறுநாள் காலை இருவரும் பாலத்தைன் குன்றின் மேலுள்ள விரிப்பிளாக்கா தேவியின் கோயிலுக்குப் போனார்கள். துணைக்கு நானும் போனேன். அங்கே கணவன் மனைவியரில் ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் வாய் திறக்கக் கூடாது.

முதலில் சபீதியஸ் பேசினார். கோபம் ஒரு நோய் என்று தொடங்கி, வகுப்பறையில் சொல்வதையெல்லாம் சொன்னார். பிறகு குரல் தாழ்ந்தது. "சொல்லிக்குடுத்தபடி வாழ முடியல, தாயே. கல்லுலயாவது அப்படி இருந்துட்டுப் போறேனே."

பெத்தீலியா அவரை ஒருமுறை பார்த்துவிட்டுத் தேவியின் பக்கம் திரும்பினார்.

"ஒவ்வொரு சண்டைக்கு அப்புறமும் இவரு எங்கயோ போயி ரெண்டு அத்திப்பழம் வாங்கிட்டு வருவாரு. ஒண்ணும் பேச மாட்டாரு. தோலை உரிச்சு என் பக்கத்துல வெச்சிட்டுப் போயிருவாரு. குளிர்காலத்துல காஞ்ச பழமாவது தேடிப் புடிச்சிருவாரு. சண்டையே இல்லைன்னு எழுதிட்டா, அந்தப் பழமும் இல்லைன்னுதானே ஆகும்? அதை நான் விட்டுக்குடுக்க மாட்டேன்."

மீண்டும் சபீதியஸின் முறை வந்தது. அவர் தேவியைக் கும்பிட்டுவிட்டு வாசலை நோக்கி நடந்தார்.

படியிறங்கும்போது, "சீக்கிரம் நட, வெயில் ஏறிரும்" என்றார்.

"பின்ன என்ன, பறந்தா வர்றேன்?" என்றார் பெத்தீலியா.

ஹிலாரஸ் அந்த வரியைச் செதுக்கி எடுத்தார். எஞ்சிய பள்ளத்தில், பெத்தீலியா கேட்டபடி, இரண்டு அத்திப்பழங்களை வடித்தார். இப்போது அவ்வழியே போகிறவர்கள் அதைப் பழ வியாபாரியின் கல்லறை என்று எண்ணிக்கொள்கிறார்கள். கற்றறிந்த சபீதியஸுக்கு இது பெருங்குறை. அதைப் பற்றி அவர் பேச்செடுக்கும் நாள்களில், அன்று மாலை சந்தைக்குப் போகப்போவது யார் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும்.