கூரை போட மறுக்கும் கதை

1.

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆர்.எஸ்.மங்கலத்தில் ஒரு டீக்கடை. தொலைக்காட்சியில் மாநில பட்ஜெட் ஓடிக்கொண்டிருந்தது. வீடில்லாதவர்களுக்கு ஒரு வாக்கியம் வந்தது. அந்த ஒரே வாக்கியத்தில் ஊர் ஊராக வீடுகள் எழும்பின, உறுப்பினர்கள் மேசைகளைத் தட்டினார்கள். மிளகாய் பறித்துவிட்டு பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண் தொலைக்காட்சியைப் பார்த்து, "அதுல ஒரு வீட்டுக்காச்சும் கூரை இருக்கான்னு கேளுங்கய்யா" என்றாள். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். அவள் பெயர் எனக்குத் தெரியாது. மகேஸ்வரி என்று நான் வைத்தேன். இனி வருவதெல்லாம் என் கற்பனை. கோபம் மட்டும் அவளுடையது.

2.

முதல் தொடக்கம்: "கண்மாய்க் கரையில் அந்தி சாய்ந்தபோது மகேஸ்வரி..." (வேண்டாம். அந்தியைச் சாய்த்தால் நீங்கள் அழகை ரசிக்கப் போய்விடுவீர்கள்.)

இரண்டாவது: "பயனாளியான மகேஸ்வரி..." (இது அரசாங்கத் தமிழ். அவள் என்ன பயனைக் கண்டாள்?)

மூன்றாவது: "மகேஸ்வரி தன் குடிசையைத் தானே பிரித்தாள்." இது நிற்கும்.

3.

மகேஸ்வரி தன் குடிசையைத் தானே பிரித்தாள். பழைய குடிசை போனால்தான் அஸ்திவாரம், அஸ்திவாரம் தோண்டினால்தான் அரசு வீட்டுக்கான முதல் தவணை என்று சொல்லியிருந்தார்கள். ஒரே நாளில் பிரித்துப் போட்டாள். பக்கத்து வீட்டுக் கூத்தையா கூரையைத் தாங்கியிருந்த பனங்கைகளைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஆட்டுக் கொட்டிலுக்கு எடுத்துக்கங்கண்ணே. மாடி வீட்டுக்காரிக்கு இது என்னத்துக்கு?" என்று சிரித்தாள்.

சுவர் கதவு நிலையின் மேல்மட்டம் வரை வந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் ஊராட்சி கிளார்க் வீரமணி அவளை முன்னால் நிறுத்தி, போனில் படம் பிடித்து மேலே அனுப்பினான். கடைசிப் படத்துக்குப் பிறகு தவணை வரவில்லை. நிதி ஒதுக்கியாயிற்று, ஆனால் விடுவிக்கவில்லை என்றார்கள். (ஒதுக்குவதற்கும் விடுவிப்பதற்கும் நடுவில் எவ்வளவு மழை பெய்யும் என்று எந்த அறிக்கையிலும் இல்லை.)

நான்கு சுவருக்கு மேல் ஒரு தார்ப்பாய். உள்ளே மகேஸ்வரியும் பத்தாவது படிக்கும் மகள் பானுப்பிரியாவும். கதவு இல்லாததால் அந்தப் பிள்ளை துணி மாற்ற கூத்தையா வீட்டுக்குப் போய் வருகிறது. அங்கே மகேஸ்வரியின் பனங்கைகளுக்குக் கீழே ஆடுகள் நனையாமல் நிற்கின்றன.

(கணவன்? திருப்பூரில் என்று எழுதினேன், அடித்தேன். செத்துவிட்டான் என்று எழுதினேன், அதையும் அடித்தேன். எங்கே இருந்தாலும் அவனால் கூரை வரப்போவதில்லை.)

4.

வீரமணியைப் பற்றி ஒரு சந்தேகம். முதல் பிரதியில் அவனை லஞ்சம் கேட்க வைத்தேன். எழுதச் சுகமாக இருந்தது. ஊருக்குள்ளேயே ஒரு கெட்டவன் கிடைத்துவிட்டால் மேலே இருப்பவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம். ஆகவே அடித்துவிட்டேன்.

வீரமணி திருடன் இல்லை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த மத்தளம். மேலிருந்து உத்தரவு வந்திருந்தது: நவம்பர் ஒன்று, உள்ளாட்சி நாள் கிராமசபையில் "எங்கள் ஊராட்சி குடிசை இல்லாத ஊராட்சி" என்று தீர்மானம் போட வேண்டும். உத்தரவு வந்த வழியில் பணமும் வந்திருக்கலாம். அதற்குத்தான் வழி தெரியவில்லை.

5.

கிராமசபைக்கு முந்தின நாள் ஐப்பசித் தூறலில் வீரமணி வந்து நின்றான்.

"அக்கா, நாளைக்கு மங்கலத்துலருந்து ஆபீசரு வாராரு. இந்தத் தார்ப்பாய மட்டும் ஒரு நாளைக்கு அவுத்து வச்சிருங்க."

"எதுக்கு தம்பி?"

"பாத்தா குடிசைம்பாங்க. குடிசை இருந்தா தீர்மானம் போட ஏலாது."

"சரி, போட்டா பாக்கிப் பணம் வந்துருமா?"

அவன் குடையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினான். "ஊரு முடிஞ்சிருச்சுன்னு கணக்க மூடிருவாங்கக்கா. அப்பறம் புதுசாத்தேன் எழுதிக் கேக்கணும்."

"இருந்த குடிசைய நீங்க சொன்னீகன்னு நாந்தேன் பிரிச்சேன். இப்பக் குடிசையே இல்லன்னு நானே சாட்சி சொல்லணுமாக்கும்?"

"எனக்கு மெமோ குடுத்துருவாங்கக்கா."

"உக்காந்து மெமோ வாசிக்க ஒனக்கு வீடு இருக்குல்ல."

(இந்த இடத்தில் ஒரு கட்டுரை எழுத நினைத்தேன். இரண்டு வாக்கியத்தோடு நின்றுவிட்டது. குடிசையை ஒழிக்க வழி இரண்டு: வீடு கட்டுவது ஒன்று, குடிசையைப் பிரிப்பது இன்னொன்று. இரண்டாவதற்குச் செலவே இல்லை.)

6.

முடிவுகள்.

அ) ஆபீசர் வருகிறார், பார்க்கிறார், மனம் உருகுகிறார். நண்பர் ஒருவர் இதைத்தான் எழுதச் சொன்னார். நீயே எழுதிக்கொள் என்றேன்.

ஆ) "அன்றைக்குப் பெய்த மழையில் மேற்குச் சுவர்..." இதற்கு மேல் எழுதமாட்டேன். சுவர் விழுந்தால் நிவாரணம் உடனே வரும், கதைக்குப் பரிசும் வரும். அதற்காக அந்தப் பிள்ளையை நான் கொல்ல முடியாது.

இ) "மகேஸ்வரி வீட்டுக்குக் கூரை போடப்பட்டது." இதை எழுதியேவிட்டேன். எனக்கு ஒரு பைசா செலவில்லை. எழுதியதைப் படித்ததும் அவமானமாக இருந்தது. சட்டசபையில் செய்ததைத்தானே நானும் செய்திருக்கிறேன்? அடித்துவிட்டேன். கம்பியும் சிமெண்டும் இல்லாத கூரையை இனி யாரும் அவளுக்குத் தரக்கூடாது, நானும்தான்.

7.

மகேஸ்வரி தார்ப்பாயை அவிழ்க்கவில்லை. மகளை உள்ளே இருக்கச் சொல்லிவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு முன்னால் போட்டிருந்த பந்தலுக்கு வந்து உட்கார்ந்தாள்.

வீரமணி தீர்மானத்தை வாசித்தான். "யாருக்காச்சும் ஆட்சேபனை இருக்கா?" என்று வழக்கம்போலக் கேட்டான். வழக்கமாக யாரும் பதில் சொல்வதில்லை.

மகேஸ்வரி எழுந்தாள்.

"எனக்கு இருக்கு. நான் குடிசையிலயும் இல்ல, வீட்டுலயும் இல்ல. எங்கனதான் இருக்கேன்னு மொதல்ல எழுதுங்க. அப்பறம் தீர்மானத்தப் போடுங்க."

ஆபீசர் நிமிரவில்லை. "ஒருத்தர் சொன்னா ஆட்சேபனை ஆகாதும்மா. வேற யாராச்சும் சொல்றீங்களா?"

பந்தலில் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். ஒருவருக்கு அடுத்த வருஷ வீடு, இன்னொருவருக்கு நூறு நாள் வேலை. கூத்தையா துண்டை உதறித் தோளில் போட்டார், எழவில்லை. அவரை எழுப்பிவிட எனக்குக் கை துறுதுறுக்கிறது. எழுப்பமாட்டேன். நான் எழுப்பிவிட்டு அவர் நின்றால் அது கணக்கில் சேராது.

வேறு யாரும் இல்லையென்றால் அவள் சொன்னதை விட்டுவிட்டு, "ஏகமனதாக" என்று எழுதிக்கொள்வார்கள். ஆபீசர் பேனாவைத் திறந்துவிட்டார். மகேஸ்வரி நின்றபடி பந்தலை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வருகிறாள். இந்தப் பக்கம் திரும்பிவிட்டாள்.

நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள்.